குழாய்க்குள் அடைத்த பனியன்

குளியலறைச் சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த மின்சார வெந்நீர்த் தொட்டி சில நாட்களாகவே உறுமிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் ஆவி சீறியது. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் மருமகள்தான் அதை முதலில் கவனித்தாள். தொட்டியின் பக்கவாட்டில் இருந்த சேஃப்டி வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விட்டுத் தொட்டியைக் காப்பாற்ற வேண்டிய வால்வு அது. ஒரு சொட்டுகூட வரவில்லை.

கணவன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். பிளம்பர் "நாளைக்கு வரேன்" என்று சொன்னதோடு சரி, பிறகு போனையே எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது கொழுந்தன். எதைக் கேட்டாலும் தெரியும் என்பான். அதனால் வீட்டில் அவனுக்கு மேதை என்று பெயர்.

"தம்பி, வால்வு வேலை செய்யலை. கழட்டும்போது கொஞ்சம் வந்து பிடிக்கிறீங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் அண்ணி. சும்மா நோண்டாதீங்க," என்றான் மேதை, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை. தையல் மெஷினைக் கழற்றி மாட்டுகிற கைதானே! கடையில் அதே அளவில் புது வால்வும், கசிவைத் தடுக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்பும் வாங்கி வந்தாள். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் வரும் வழியை மூடி, தொட்டி நன்றாக ஆறும்வரை தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கெட்டை வைத்து, தொட்டியின் அடியில் இருந்த வடிகுழாயைத் திறந்தாள்.

முதலில் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. அப்புறம் துருநிறக் குழம்பு கொழகொழவென்று இறங்கியது. கெட்டுப்போன முட்டை நாற்றம். இந்தத் தண்ணீரில்தான் இத்தனை நாள் முகம் கழுவினோம், வாய் கொப்பளித்தோம் என்று நினைத்துக்கொண்டாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள்.

வால்விலிருந்து தரைவரை இறங்கும் குழாயை ஸ்பேனர் போட்டுத் திருகினாள். அது மனமில்லாமல் கழன்றது. உள்ளே பார்த்தால் இருட்டு. கம்பியை வளைத்து விட்டு இழுத்தாள். சுருட்டித் திணித்த ஒரு துணி பிசுபிசுவென்று வெளியே வந்தது. அதன் கீழ் மடிப்பில் கரப்பான் முட்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. பிரித்துப் பார்த்தாள். பனியன். அக்குளில் மஞ்சள் பூத்த, மேதையின் நீலக் கோடு போட்ட பனியன்.

அவள் அதைக் கம்பி நுனியிலேயே தொங்கவிட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயே, என்னம்மா கருமம் அது?"

"உங்க சின்ன மகனைக் கேளுங்க அத்தை."

மேதை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஓ, அதுவா? ராத்திரியெல்லாம் சொட்டிக்கிட்டே இருந்துச்சு, தூக்கமே வரலை. அதான் அடைச்சேன். நின்னுடுச்சுல்ல?"

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சிருக்கான்," என்றாள் மாமியார்.

அவள் பனியனை மாமியாருக்கு இன்னும் கொஞ்சம் அருகில் நீட்டினாள்.

"அத்தை, அழுத்தம் போக வழியில்லேன்னா தொட்டி வெடிக்கும். நீங்க ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கிறது அதுக்கு நேர் கீழதான்."

மாமியாரின் கத்தி நின்றது. மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைக் கொல்லப் பாத்தியாடா?"

"அம்மா, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகலையே..."

"ஆகியிருந்தா சொல்ல நான் இருப்பேனா? எந்திரிடா. போய் அந்த பக்கெட்டைக் கழுவு!"

அவள் பழைய வால்வைக் கழற்றினாள். அதன் வாயும் வெள்ளையாக உப்புப் படிந்து அடைந்து கிடந்தது. புது வால்வின் மரையில் டேப்பைச் சுற்றி இறுக்கினாள். குழாயை உரசிக் கழுவி மாட்டினாள். வடிகுழாயை மூடி, தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து கைப்பிடியைத் தூக்கினாள். தண்ணீர் தடையில்லாமல் தரையில் பாய்ந்தது. அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போட்டாள்.

பின்கட்டில் மேதை பக்கெட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள்.

"வாம்மா, சாப்பிடலாம்," என்றாள் மாமியார். குரலில் முன்னெப்போதும் இல்லாத தணிவு.

"எனக்கு வேணாம் அத்தை. கையில இன்னும் அந்த நாத்தம் போகலை," என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.