முடிவெடுத்தவர்

ராகலையிலிருந்து நுவரெலியா போகிற பஸ்ஸை விஜிதரன் ஓட்டினால் கைக்குழந்தைக்காரிகள் கூட நிம்மதியாகத் தூங்குவார்கள். அவ்வளவு நிதானம். அந்த மனுஷன் இப்போது வளைவென்றும் பாராமல் லாரியை முந்தினான். வீட்டிலோ எந்தச் சட்டையைப் போடுவதென்று தெரியாமல் அலுமாரி முன்னால் வெகுநேரம் நின்றான்.

அவன் மனைவி சுலக்ஷனா இதையெல்லாம் கவனித்தாள். மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கைகால் ஆட்டம் பிறகுதான் வந்தது. தேயிலைத் தோட்ட லயத்துச் சனங்கள் பேய் என்றார்கள், சாராயம் என்றார்கள். கண்டி டாக்டர்தான் அது பரம்பரையாய் வரும் மூளை நோய், பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார். யோசித்து முடிவெடுக்கும் சக்தி முதலில் கெடலாம், அது நோயாளிக்கே தெரியாமலும் போகலாம் என்றார். அன்று விஜிதரன் மனைவியிடம், "எனக்கு வந்துச்சுன்னா நீதான் சொல்லணும். சண்டை புடிச்சாலும் விடாத" என்றிருந்தான்.

ஒரு மாலை, அவன் வேலை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, நீங்க இனிமே பஸ் ஓட்ட வேணாங்க."

"என்ன பேசுற? எனக்கு ஒன்னுமே இல்ல!"

அவன் எறிந்த தேத்தண்ணிக் கோப்பை சுவரில் மோதிச் சிதறியது. அவள் அசையவில்லை.

"இன்னைக்கு நானும் அந்த பஸ்லதான் வந்தேன். நீங்க லாரிய முந்துறப்ப எதிர்ல ஸ்கூல் வேன் வந்துச்சு. அது உங்க கண்ணுக்குத் தெரியவே இல்ல."

விஜிதரன் கத்தினான், வெளியே போனான், மழையில் நனைந்து திரும்பி வந்தான். ஈரத்தோடு கட்டிலில் உட்கார்ந்தான்.

"சத்தியமா எனக்கு ஒரு தப்பும் தெரியல, சுலக்ஷனா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியுங்க."

"ஆனா நீ பொய் சொல்ல மாட்ட."

விடிந்ததும் இருவரும் பஸ் முதலாளி வீட்டுக்குப் போனார்கள். விஜிதரன் சாவியை மேசையில் வைத்தான். "எங்கம்மாவுக்கு வந்த நோய்ங்க, முதலாளி. எனக்குத் தெரியல, இவளுக்குத் தெரியுது. அதனால நிப்பாட்டிக்கிறேன்." முழுசாகச் சொல்லி முடித்தான். அவளுக்கு அங்கேயே அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கண்டியில் இரத்தம் சோதித்தார்கள். பயந்தபடியே வந்தது.

"பஸ் ஓட்டுறத நிறுத்தணும்னு யாரு முடிவெடுத்தது?" என்று டாக்டர் கேட்டார். விஜிதரன் மனைவியைக் கைகாட்டினான்.

"இல்லைங்க டாக்டர்," என்றாள் சுலக்ஷனா, நிமிர்ந்து. "நான் சொன்னேன், அவ்வளவுதான். முடிவெடுத்தது அவருங்க."