அடுத்த வீட்டுக்கு அரைநாள் தூரம்

ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஊரில் சுற்றுவழி என்று ஒன்றுகூட மிச்சமில்லை. வளைந்து வந்து தொடங்கிய இடத்தையே தொடும் தெருக்களிலெல்லாம் குறுக்கே ஒரு சுவர் முளைத்திருந்தது, பாசிகூடப் பிடித்திருந்தது. எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இனி ஒரே வழிதான், மரத்தில் கிளைக்குக் கிளை போவதுபோல. நகராட்சி இதைப் போக்குவரத்துச் சீர்திருத்தம் என்று அறிவித்துத் தனக்குத்தானே மாலை போட்டுக்கொண்டது.

நகராட்சிப் பொறியாளர் தெருத்தெருவாக அளந்து, ஊரிலேயே ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலிருக்கும் இரண்டு வீடுகளைக் கண்டுபிடித்தார். ஒன்று தையல்காரியுடையது, மற்றது அவள் தங்கையுடையது. இரண்டுக்கும் பின்சுவர் ஒன்றே. அப்பாவின் வீட்டைப் பங்கு பிரித்தபோது எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர். அன்றோடு பேச்சுவார்த்தையும் நின்றது. இனி அரைநாள் நடந்தால்தான் மற்றவள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்று கேட்டதும் இருவருக்கும் வயிறு குளிர்ந்தது. அந்த வழியின் நட்டநடு, முடிதிருத்தகத்துக்குள் விழுந்தது. ஊரில் எந்த வீடும் அங்கிருந்து அந்த வழியில் பாதிக்கு மேல் தூரமில்லை என்று பொறியாளர் சொல்லிவைக்க, கடைக்காரர் தலைகால் புரியாத பெருமையில் ‘ஊர் மையம்’ என்று பலகை மாட்டினார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, பின்சுவருக்கு அந்தப்புறம் தடாலென்று சத்தம் கேட்டது. பிறகு தங்கையின் குரல்.

“அக்கா, காலை அசைக்க முடியல.”

தையல்காரி பொறியாளருக்குப் போன் செய்தாள். சுவரை இடித்தால் சுற்றுவழி உண்டாகும், சுற்றுவழிக்கு ஊரில் இடமில்லை, இப்போதே கிளம்பினால் மதியம் போய்ச் சேரலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவள் போனை வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள்.

“சுவரை விட்டுத் தள்ளிப் படுடி. வர்றேன்.”

சண்டைக்கென்றே கட்டிய சுவர். நாலு அடிக்குக்கூடத் தாங்கவில்லை. அடுப்போரம் கிடந்த தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, ஈரத் தரையில் என்ன ஓட்டம் வேண்டிக் கிடக்கிறது என்று திட்ட ஆரம்பித்தாள்.

சுவர் விழுந்த அதே நொடியில் முடிதிருத்தகத்தின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. நாற்காலி ஒரு பக்கம், கண்ணாடி மறுபக்கம். பாதி சவரத்திலிருந்த தபால்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் மூக்கு தப்பியது. பொறியாளர் மறுபடி அளந்தார். இப்போது ஊரின் இரண்டு கடைக்கோடிகள் அந்த நாற்காலியும் அந்தக் கண்ணாடியும்தான். ஊரின் மையம், அக்கா தங்கையின் சமையலறை. கடைக்காரர் பலகையைக் கழற்ற மறுத்துவிட்டார். நகராட்சி இதையும் சீர்திருத்தம் என்றே அறிவித்தது.

தங்கைக்குக் கால் கூடிவிட்டது. பாதி ஊர் மீதி ஊருக்கு அடுப்பைத் தாண்டித்தான் போகிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. சவரம் முடிந்து கண்ணாடி பார்க்கக் கிளம்புகிறவர்கள் சமையலறையில் நின்று முகத்தைக் காட்டுகிறார்கள். தங்கை நன்றாக இருக்கிறது என்பாள், அக்கா இல்லை என்பாள். வாக்குவாதம் முற்றும்போது முகம் காட்ட வந்தவர்கள் ஒரு தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள்.