பருந்தின் முதுகு

என் அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் பருந்து. போரில் அவர் சுட்டு வீழ்த்திய எதிரி விமானங்கள் எத்தனை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவருக்குப் பின்னால் இன்னொரு விமானத்தில் ஒருவன் பறக்கிறான், அவர் முதுகை யாரும் நெருங்காமல் பார்த்துக்கொள்கிறான் என்பது எங்கள் அம்மாவுக்கே மறந்துபோயிற்று. அந்த ஒருவன் நான். லீவில் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போவோம். "மாப்பிள்ளை இளைச்சுட்டாரே!" என்று அம்மா பதறுவாள். நான் மட்டும் என்ன, ஊதிப்போயா வந்திருக்கிறேன்? எனக்கு வயிறு எரியும்.

எங்கள் படையில் ஒரு விதி. வீழ்த்தியதை இன்னொரு விமானி கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அது கணக்கில் சேரும். விமானத்தின் மூக்கில் ஒரு சிவப்புக் கோடு தீட்டுவார்கள். அத்தானின் கோடுகள் அத்தனைக்கும் நான்தான் சாட்சி. என் விமானத்தின் மூக்கு துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

அன்று காலை மேகத்துக்குள்ளிருந்து ஒருவன் அத்தானின் முதுகைக் குறிவைத்துப் பாய்ந்தான். விரட்டிப்போய்ச் சுட்டேன். புகைந்துகொண்டே கடலில் விழுந்தான். எனக்கும் ஒரு கோடு! தனியாக உட்கார்ந்து கத்தினேன், சிரித்தேன்.

இறங்கியதும் அதிகாரியின் அறைக்குப் போனோம். வெளியே பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அத்தானும் அன்று ஒன்றை வீழ்த்தியிருந்தார். அது சேர்ந்தால் நாட்டிலேயே அவர்தான் முதலிடம்.

முதலில் நான் என்னுடையதைச் சொன்னேன்.

"இவன் வீழ்த்தினதை நீங்க பார்த்தீங்களா?" என்று அதிகாரி அத்தானைக் கேட்டார்.

அத்தான் என் தோளில் கை போட்டார். "நான் எங்க சார் பின்னாடி பார்க்கப்போறேன்? பின்னாடிதான் மச்சான் இருக்கானே!"

பாராட்டாம்! என் ஒரே கோட்டில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் பாராட்டு. அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சரி, அவர் வீழ்த்தினதை நீ பார்த்த, இல்ல?"

பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் முதுகைக் காப்பாற்ற ஒருவனை விரட்டிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் பார்க்க ஏது நேரம்? சத்தியமான உண்மைதான். ஆனால் எந்த உண்மையும் என் வாயில் அப்படி இனித்ததில்லை.

"பார்க்கல சார்."

அத்தானின் கை என் தோளிலிருந்து இறங்கியது. "விளையாடாத, மச்சான்" என்றார். நான் அதிகாரியின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் அவருக்குப் பின்னால்தான் பறந்தேன். மேகமே இல்லை, எதிரி ஒருவனும் கண்ணில் படவில்லை. முன்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் அத்தானின் தலை திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் திரும்பி என்னைப் பார்த்தார்.