சாய்வாக வெட்டிய பக்கம்

"அக்கா, துளிர் விட்டுடுச்சு. ஆனா இது ஏன் தரையப் பாத்து வருது?"

இளையவள் தொட்டியைக் குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தாள். மூத்தவள் கிட்டே போய்ப் பார்த்தாள். மொட்டைக் குச்சியின் கணுவில் கிளம்பிய துளிர் முதலில் கீழே குனிந்து, பிறகு புத்தி வந்ததுபோல மேலே வளைந்திருந்தது.

"வளத்தது யாரு?" என்றான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கொழுந்தன். "நான் கிழக்குன்னா இவ மேற்கும்பா. இவ செடி மட்டும் நேரா வருமா அண்ணி?"

"பேசிட்டே இருங்க, பஸ் போயிடும்" என்று புருஷனைக் கிளப்பிவிட்டாள் இளையவள்.

ஒரே வீட்டில் கீழே மூத்தவள், மேலே ஓரகத்தி. இளையவள் தைத்தால் அளவு பிசகாது. வாய் திறந்தால் வீடே சிரிக்கும். மூத்தவள் பெற்ற மகன்கூடப் பள்ளிக்கூடத்துச் சங்கதியைச் சொல்லச் சித்தியிடம்தான் ஓடுவான். மூத்தவளுக்கென்று இருந்தது செடி மட்டும்தான். அதிலும் அந்த அடுக்குச் செம்பருத்தி, பழுத்த மாம்பழத்தின் நிறம். நர்சரிக்கு நடையாய் நடந்து வாங்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தது. அது பூத்த அன்றே இளையவள் கேட்டாள்: "எனக்கும் ஒரு குச்சி தாங்கக்கா."

எப்படி இல்லை என்பது? குச்சியின் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டு, நுனியை நேராக வெட்டு, சாய்வு மண்ணுக்குள் போகட்டும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தவளே அவள்தான். இலை உருவிய குச்சியில் தலை எது, கால் எது என்று செடி வளர்ப்புக்குப் புதியவளுக்கு என்ன தெரியும்? அன்றைக்குக் கத்தரி மாறி விழுந்தது: நுனியில் சாய்வு, அடியில் நேர். கை தவறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கை தவறுகிறவள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாளா?

காய்ந்துபோகும், கதை முடியும் என்றுதான் நினைத்தாள். ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இளையவள் சொன்னது கீழேவரை கேட்டது. "அக்கா குடுத்த குச்சில என்ன குறை இருக்கப்போவுது? என் கைதான் விளங்காத கை." பிறகு ஒருநாள் புருஷனிடம், "நீங்களே தண்ணி ஊத்துங்க. நான் தொடல" என்றாள். அன்று மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. பின்சுவரோரம் யாருக்கும் தெரியாமல் இன்னொரு குச்சியைச் சரியாக வெட்டி ஊன்றினாள்.

அது இப்போது ஏழெட்டு இலையோடு நின்றது. தூக்கிவந்து நீட்டினாள்.

"இத எடுத்துக்கோ. அத இங்க வச்சுட்டுப் போ."

"ஐயோ, வேண்டாம்கா. படாத பாடு பட்டு வந்திருக்கு. இதப் போயி விடச் சொல்றீங்களே."

"அது தலைகீழா இருக்கு."

"சாய்வு கீழதானே வச்சேன்?"

"நீ சரியாத்தான் வச்ச. நான்தான் மாத்தி வெட்டிக் குடுத்தேன்."

இளையவள் சிரித்துவிட்டாள். "போங்கக்கா. கண்ணாடி போடாம வெட்டியிருப்பீங்க."

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவளே கதவைத் திறந்து வைத்திருக்கிறாள்.

"கண்ணாடி போட்டிருந்தேன்" என்றாள் மூத்தவள். "உங்கிட்டயும் அது பூத்துடக் கூடாதுன்னுதான் வெட்டினேன்."

சிரிப்பு உடனே போகவில்லை. போக இடம் தெரியாமல் இளையவளின் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"என் கைதான்னு நெனச்சேன்" என்றாள். தொட்டியை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறிப் போனாள். புதுச்செடி மூத்தவள் நீட்டிய கையிலேயே இருந்தது.

சாயங்காலம் மேல்படியிலிருந்து குரல் வந்தது.

"இந்தத் துளிருக்கு முட்டுக் குடுக்கணுமா?"

முன்னாலும் பின்னாலும் 'அக்கா' என்ற சொல் இல்லை. ஒருவேளை வரும் என்று மூத்தவள் ஒரு கணம் காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு காஞ்ச குச்சிய ஊனிக் கட்டிவிடு. போதும்."

"எந்தப் பக்கம் மண்ணுக்குள்ள?"

மூத்தவளின் தலை தானாகக் குனிந்தது.

"அது உயிரில்லாத குச்சி. எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது குரல். மேலே கதவு சாத்திக்கொண்டது.