வெள்ளைத் தடிக்கு அங்காலை

இவ்வளவு சனம் கூடி நின்றும் ஒரு இருமல்கூடக் கேட்காத இடத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் மாதா கோயிலில், நடுப்பூசையில்கூட, யாராவது ஒருவர் தொண்டையைச் செருமுவார். இங்கே சட்டனுக்குத் தெற்கே, லண்டன் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் கயிற்றுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். எதற்கென்றால், ஒரு மனிதன் ஒரு சின்னப் பந்தை மட்டையால் அடிக்கப் போகிறான். அவ்வளவுதான்.

அது எண்பத்தேழாம் ஆண்டு கோடை. அங்கே நடந்த ஒரு பெரிய கோல்ஃப் சாம்பியன்ஷிப்புக்காகப் போட்ட தேநீர்க் கூடாரத்தில் எனக்கும் என் தங்கை மரியமலருக்கும் வேலை. அண்ணன் நான் கோப்பை கழுவினேன், அவள் பாணுக்கு வெண்ணெய் பூசினாள்.

ஒரு விஷயம் விளங்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. முதல் நாளே கூடாரத்துக்கு வந்த ஆட்களைப் பிடித்துக் கேட்கத் தொடங்கிவிட்டேன். குறைய அடித்தவன்தான் வெல்லுவானாம். கூட அடித்தவன் தோற்பானாம். இது என்ன தலைகீழான விளையாட்டு என்று நினைத்தேன். வேலி ஓரமாக நட்டிருந்த வெள்ளைத் தடிகள் எதற்கு என்று இன்னொருவரிடம் கேட்டேன். பந்து தடிகளுக்கு அப்பால் போய்விட்டால் அது எல்லைக்கு வெளியே. பழைய இடத்துக்கே திரும்பிப் போய், தண்டனையாக ஒரு அடியையும் கூட்டிக்கொண்டு, மறுபடி அடிக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் நான் மரியமலருக்கு வகுப்பெடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வருகிற புதன்கிழமை குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அவளுடைய அகதி விண்ணப்பத்துக்கு நேர்காணல். அவளுடைய மனுசன் மன்னாருக்கு உள்ளே, மருதமோட்டை என்ற சின்ன ஊரில், துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்தவர். அவள் கண் முன்னால் நடந்தது. அதை அவள் சொல்லி அவர்கள் நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் அவளுக்கு நேர்காணலும் பழக்கிக்கொண்டிருந்தேன்.

"எங்க நடந்தது எண்டு கேப்பாங்கள். என்ன சொல்லுவாய்?"

"மருதமோட்டையில."

"எத்தினை தரம் சொல்லிப்போட்டன், யாழ்ப்பாணம் எண்டு சொல்லு. மருதமோட்டை எண்டா ஆருக்கு விளங்கும்? மேப்பில தேடிப்பார்ப்பாங்கள், இல்லையெண்டா நீ பொய் சொல்லுறாய் எண்டு நினைப்பாங்கள்."

இது என் மூளையில் உதித்த யோசனை அல்ல. முந்தி வந்தவர்கள் எல்லோரும் பிந்தி வருகிறவர்களுக்குக் கொடுத்த புத்திமதி அதுதான். வெள்ளைக்காரனுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர் ஒன்றுதான் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மன்னாராயிருந்தால் என்ன, மட்டக்களப்பாயிருந்தால் என்ன, நேர்காணலுக்குப் போகும்போது எல்லோரும் யாழ்ப்பாணத்தார்தான். மரியமலர் வெண்ணெயைக் கொஞ்சம் தடிப்பாகப் பூசினாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள். முன்னணியில் நின்றவன் உயரமான, வெயிலில் சிவந்த ஒரு இளைஞன். இதுவரை ஒரு பெரிய போட்டியிலும் வென்றதில்லையாம். கூடாரத்துக்கு வந்த கிழவிகள்கூட அவனுக்காகக் கும்பிடாத குறை. மத்தியானம் கழிந்து அவன் எங்கள் பக்கம் வருகிறான் என்று தெரிந்ததும் நான் கோப்பைகளைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

அவன் அடித்தான். பந்து வளைந்து வந்து, எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் இருந்த பற்றைவேலிக்குள் மறைந்தது. சனம் "ஓ" என்றது. அந்தப் பக்கம் பார்வையாளர்கள் யாரும் இல்லை. தேயிலைச் சக்கை கொட்டுவதற்காக மரியமலர் மட்டும்தான் அங்கே போயிருந்தாள்.

அடுத்து நான் கண்டது இதுதான். வேலியை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வருகிறாள். கையில் பந்து. அதை ஏப்ரனில் நன்றாகத் துடைத்து, பந்தைத் தேடி வந்துகொண்டிருந்த அந்த விளையாட்டுக்காரனிடம் நேரே போய், மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டுகிறாள். எங்கள் ஊரில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் பந்து வளவுக்குள் விழுந்தால் எடுத்துக் கொடுப்போம்தானே, அப்படி. அதைக் கண்ட சனம் ஒரே குரலில் முனகியது.

நான் ஓடிப் போய்ச் சேரும்போது, கோட்டில் பேட்ஜ் குத்திய ஒரு வயதான நடுவர் அவள் முன்னால் நின்றார். அவளுக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு என்றேன். அப்படியானால் நீங்கள் மொழிபெயர்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எடுக்கும்போது பந்து சரியாக எங்கே கிடந்தது? தடிக்கு உள்ளே என்றால் யாருக்கும் குற்றமில்லை, அதே இடத்தில் வைத்து ஆடலாம். வெளியே என்றால் அவன் திரும்பிப் போக வேண்டும். அதை அப்படியே அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

அந்த இளைஞன் மரியமலரையே பார்த்துக்கொண்டு நின்றான். கயிற்றுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"உள்ளுக்கை கிடந்தது எண்டு சொல்லு," என்றேன் மெதுவாக. "அந்தப் பெடியன்ர முகத்தைப் பார். எல்லாருக்கும் அதுதான் விருப்பம்."

"விருப்பம் என்னவெண்டோ கேட்டவர்? எங்க கிடந்தது எண்டுதானே கேட்டவர்?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வேலிக்குள் நுழைந்தாள். நடுவரும் இளைஞனும் பின்னால் போனார்கள், நானும் போனேன். வெள்ளைத் தடியைத் தாண்டி இரண்டு எட்டு வைத்து, குனிந்து, புல்லில் விரலை ஊன்றினாள். "ஹியர்," என்றாள். "அவுட்சைட்."

இனித்தான் விசாரணை தொடங்கும் என்று நினைத்தேன். நீ யார், எப்போது இந்த நாட்டுக்கு வந்தாய், எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். ஒன்றுமே கேட்கவில்லை. நடுவர் அவள் விரலைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், பிறகு இளைஞனிடம் திரும்பி, இந்த அம்மா பார்த்திருக்கிறார், எனக்கு அது போதும் என்றார். இளைஞன் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தான். அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தான்.

அன்று பின்னேரம் அவன் ஒரே ஒரு அடியால் தோற்றான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உன்னால ஒரு மனுசன் தோத்துப்போனான்."

"என்னாலயோ? பந்தை அடிச்சது அவரெல்லோ."

"புதன்கிழமை இந்தக் குணத்தைக் காட்டிப்போடாதை. இது ஒரு பந்து. அங்க உன்ர உயிர்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணை, நான் ஆர் எண்டு அந்த நடுவர் கேக்கவேயில்லை, என்ன?" என்றாள்.

"இல்லை."

"சொன்னதை அப்பிடியே எடுத்தவர்."

"ஓம், எடுத்தவர். விளையாட்டுக்காரர் எடுப்பினம். குரோய்டனில எடுக்கமாட்டினம்."

ஆனால் வீடு வந்து சேரும்வரை எனக்கும் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய போட்டி, அவ்வளவு சனம், தேயிலைச் சக்கை கொட்டப் போன ஒருத்தியின் வார்த்தையை எப்படி அந்த மனிதர் அவ்வளவு இலேசாக எடுத்துக்கொண்டார்?

புதன்கிழமை அவளை உள்ளே அனுப்பிவிட்டு, கட்டடத்துக்கு வெளியே நின்று செபமாலை சொன்னேன். பாதியில் எண்ணிக்கை பிசகி, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். வெகுநேரம் கழித்து வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை.

"எங்க எண்டு கேட்டவையோ?"

"கேட்டவை. மருதமோட்டை எண்டன்."

"பிறகு?"

"மேப் கொண்டந்தவை. அதில மருதமோட்டை இல்லை."

"நான் சொன்னனெல்லோ! நான் அப்பவே சொன்னனெல்லோ!" வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கவலையில்லை.

"கத்தாதை அண்ணை. மன்னார் இருந்தது, றோட்டு இருந்தது. அதில பிடிச்சு நான் இடத்தைக் காட்டினன். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை பேனையால ஒரு புள்ளி வைச்சு, பக்கத்தில பேரையும் எழுதினது."

"நம்பினவையோ?"

"தெரியாது. பிறகு அறிவிப்பினமாம்."

பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பொம்பிளைப்பிள்ளையைப் போல வீதியில் நின்று அழுதேன். "யாழ்ப்பாணம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை. ஒரே ஒரு சொல்லு."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"சொல்லியிருக்கலாம் அண்ணை. ஆனா அப்பிடி எழுதினா, மருதமோட்டையில ஒருத்தரும் சாகேல்லை எண்டெல்லோ வரும்."