கால் ஒடிந்த தம்பி

“எதிர் வீட்டு மகளுடைய சர்க்கரையை நீர் பார்த்துக்கொள்ளும், தகப்பனே...” என்று சொல்லிவிட்டுப் பாட்டி நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். பாட்டி ஜெபத்தின் நடுவில் நிறுத்துவது புதிதல்ல. மூச்சு வாங்குவாள், யாரையாவது விட்டுவிட்டோமா என்று யோசிப்பாள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். பிள்ளைகள், பேத்தி, சபையிலுள்ள நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், குப்பை வண்டிக்காரர் என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆமெனுக்கு வருவாள். “சோறு ஆறினா சூடு பண்ணிக்கலாம், விசுவாசம் ஆறினா என்ன பண்றது?” என்பாள்.

அன்றும் காத்திருந்தார்கள். அம்மா தொண்டையைச் செருமினாள். சித்தப்பா பசியில் பெருமூச்சு விட்டார். பேத்தி ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். சின்ன வயதுப் பழக்கம். பாட்டி தலை குனிந்து, கை கோத்து, எப்போதும்போலத்தான் உட்கார்ந்திருந்தாள். ஜெபத்துக்கு முன் கழற்றி மடியில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடி மெல்லச் சரிந்து தரையில் விழுந்தது.

பாட்டி அதை எடுக்கக் குனியவில்லை.

பேத்தி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மூக்கில் அழுத்தாதபடி அந்தக் கண்ணாடியை வளைத்துக் கொடுத்தவளும் அவள்தான். லென்ஸில் கீறல் விழுந்திருக்குமே என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது.

“பாட்டி?”

“ஜெபத்துல பேசாதே,” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

“அப்பா, பாட்டியப் பாருங்க.”

அப்பா பார்த்தார். அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “அம்மா... இங்க பாருங்கம்மா.” தோளைத் தொட்டதும் பாட்டியின் தலை அவர் வயிற்றின்மேல் சாய்ந்தது. கோத்த விரல்கள் மட்டும் அவிழவில்லை.

அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “வலி தெரிஞ்சிருக்காது. இப்படிப் போகக் குடுத்து வெச்சிருக்கணும்,” என்றார். யாரும் அழவில்லை. அம்மா பாத்திரங்களை மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள். சித்தப்பா மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பாட்டியைக் கட்டிலில் கிடத்திவிட்டு அப்பா வந்தபோது, “அண்ணே, இன்னும் ஆமென் சொல்லலையே,” என்றார், ஏதோ நியாயம் கேட்பவர்போல.

பாட்டி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். தாத்தா இளவயதிலேயே போய்விட, இரண்டு பையன்களையும் அந்த வேலையில்தான் வளர்த்தாள். டிப்போவில் அவளுக்குச் செக்கரம்மா என்று பெயர். டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்தால் தயவு தாட்சண்யம் கிடையாது. ஆனால் பிடிபட்டவன் அன்றைய ஜெபத்தில் வந்துவிடுவான். “கேஸ் எழுதுறது டூட்டி. அவனுக்காகக் கேக்குறது விசுவாசம். ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாது,” என்பாள். பொய் அவள் வாயில் வராது. சித்தப்பா ஒருமுறை, வாசலில் நிற்பவரிடம் தான் இல்லையென்று சொல்லச் சொன்னதற்கு, “உள்ளதான் இருக்கான். உங்களப் பாக்கப் பிடிக்கலையாம்,” என்று சொல்லிவிட்டு வந்தவள்.

பிடிபட்டவர்கள் ஜெபத்தில் வருவார்கள், சில நாளில் போய்விடுவார்கள். ஒருவன் மட்டும் போகவே இல்லை. பாட்டியிடமிருந்து தப்பிக்க ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொண்டவன். அப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துச் சங்கதி. ‘அந்தக் கால் ஒடிந்த தம்பியை எழுந்து நடக்கப் பண்ணும்’ என்று பாட்டி ஒருநாளும் கேட்காமல் இருந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகூட எதிர் வீட்டுச் சர்க்கரைக்கு முன்பே அவனைச் சொல்லி முடித்திருந்தாள்.

“இன்னுமா பாட்டி கால் கூடல?” என்று பேத்தி சின்ன வயதில் கேட்பாள்.

“கொஞ்சம் கொஞ்சமாக் கூடுதுடி. நீயும் கேளு.”

அவளும் முழங்காலில் நின்று கேட்டிருக்கிறாள். ஓவிய நோட்டில் ஊன்றுகோலோடு ஒருவரை வரைந்துகூட வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் எல்லோருக்கும் தகவல் சொல்லி முடித்த அப்பா, போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “அந்தக் கால் ஒடிஞ்சவருக்கும் சொல்லணும். அம்மா அவர விட்டதே இல்ல.”

“பேர் என்ன?” என்றாள் அம்மா.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். தம்பி என்பதைத் தவிர அந்த வீட்டில் யாரும் அவனுக்கு வேறு பெயர் கேட்டதில்லை.

மறுநாள் அடக்கம். எதிர் வீட்டு அக்கா பெட்டியைப் பிடித்துக்கொண்டு, “என் சர்க்கரைக்காகக் கேட்டுக்கிட்டே போயிட்டாங்களே! முந்தாநாள்கூட அவங்களுக்குத் தெரியாம இனிப்பு தின்னேனே!” என்று கதறினாள். அழுகைக்கு நடுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். பேத்திக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. காது அடைத்ததுபோல் எல்லாம் தூரத்தில் கேட்டது. போதகர் பேசினார், பாட்டுப் பாடினார்கள், மண் போட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு முதியவர் கைத்தடியோடு தனியாக நின்றார். பாட்டியோடு டிப்போவில் இருந்த டிரைவர். வளைவு வந்தாலே விடாமல் ஹாரன் அடிப்பார் என்பதால் ஹாரன்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. “பெரியவர வீட்ல எறக்கிவிட்டுட்டு வந்துடு,” என்று அப்பா கார்ச் சாவியைப் பேத்தியிடம் கொடுத்தார்.

கார் பெரிய ரோட்டில் ஏறியது. பிறகு அவள்தான் கேட்டாள்.

“தாத்தா, பாட்டி செக்கிங் போனப்ப பஸ்லேர்ந்து குதிச்சு ஒருத்தர் கால ஒடிச்சுக்கிட்டாராமே, உங்களுக்கு அவரத் தெரியுமா? அவருக்குத் தகவல் சொல்ல முடியலன்னு அப்பாவுக்கு ஒரே வருத்தம்.”

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “யாரு கால ஒடிச்சுக்கிட்டது?”

“அதான், டிக்கெட் இல்லாம...”

“அவன் செத்துட்டானேம்மா.”

“ஐயோ. எப்போ?”

“அன்னிக்கேதான்.”

பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டு விலகிப் போன பிறகுதான், நடுரோட்டிலேயே பிரேக்கை மிதித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. காரை ஓரம் கட்டினாள். கை ஸ்டியரிங்கை விடவில்லை.

“வண்டிய நான்தான் ஓட்டுனேன்,” என்றார் அவர். “செக்கரம்மா ‘நில்லு தம்பி’ன்னு கத்துனது காதுல விழுந்துச்சு. மிதிச்சேன். அதுக்குள்ள பின் சக்கரம் ஏறிடுச்சு. சின்னப் பய. மீசைகூடச் சரியா வரல.”

“பாட்டிக்குத் தெரியாதா?”

“தெரியாமலா? அவன் தலைய மடியில வெச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்திருந்ததே அவங்கதான். அடக்கத்துக்கும் நாங்க ரெண்டு பேரும் போனோம். பின்னாடிதான் நின்னோம். அந்தப் பையனோட அம்மா திரும்பி எங்களப் பாத்துச்சு. ஒரு வார்த்த சொல்லல.”

“அப்புறம் ஏன் கால்னு...”

“திரும்ப டூட்டிக்கு வந்த அன்னிக்கு டிப்போவுல ஒரு புது ஆளு கேட்டான், அந்தப் பையன் எப்படி இருக்கான்னு. ‘கால் ஒடிஞ்சிருக்கு, கூடிடும்’னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். திருத்தல.” கைத்தடியை ஒரு காலோரத்திலிருந்து மறு காலோரத்துக்கு நகர்த்தி வைத்தார். “அவங்க மொகத்தப் பாத்துட்டு எப்படித் திருத்துறது?”

கொஞ்சம் கொஞ்சமாக் கூடுதுடி. பாட்டி அதைச் சொல்லும்போது கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொல்வாள். தடுமாற்றமே இருக்காது. பேத்தி அந்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். நேற்று மதியம்வரை தெரிந்த முகம் வரவில்லை.

“உங்க அப்பாகிட்ட சொல்லிடாதம்மா,” என்றார் பெரியவர். பிறகு, “சொல்றதுன்னா சொல்லு. எனக்குத் தெரியல,” என்றார்.

அவள் காரைக் கிளப்பினாள். மார்க்கெட்டைத் தாண்டியதும் அவர், “நேராப் போக வேணாம், எடது பக்கம் திருப்பு,” என்றார். ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னார். இறங்கியபோது அவருக்குக் கால் தடுமாறியது. அவள் ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வளைவில் ஒரு செல்போன் கடை, பழச்சாறுக் கடை, மேற்கூரை போட்ட பஸ் நிறுத்தம். நிறுத்தத்தில் யாரும் இல்லை. பழச்சாறுக் கடையில் யந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“இங்கதான்,” என்றார் அவர். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் பார்த்தாள். தார் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

ஒரு பஸ் வந்து அவர்களுக்கு நேராக நின்றது. கதவு தானாக மடிந்து திறந்தது.

“ஏறுறீங்களா?” என்று டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டான். இளைஞன். கிழவர் ஒருவர், கறுப்பு உடுத்திய பெண் ஒருத்தி. ஏறத் தயங்குகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். “மெதுவா ஏறுங்க, அவசரமில்ல.”

பெரியவர், போ என்று கையசைத்தார். டிரைவர் இன்னும் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். கதவு முழுவதும் மூடிய பிறகுதான் பஸ் நகர்ந்தது.