கேட்டது ஒரே ஒரு ஆள்

போனிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் செந்தாமரை மேலே இருந்த பெயரைப் பார்த்தாள்.

திருப்பூரில் இருக்கும் அக்கா பாண்டீஸ்வரிக்குப் போக வேண்டிய வாய்ஸ் மெசேஜ் அது. பெயரைத் தொடப் போன நேரம் பார்த்து யாரோ ஒரு குட்மார்னிங் படத்தைப் போட, 'சாக்கோட்டை பங்காளிகள்' குரூப் குபுக்கென்று மேலே ஏறி வந்து விரலுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. கவனிக்காமல் மூச்சுவிடாமல் பேசி அனுப்பியும் விட்டாள். குரூப்பில் முக்கால்வாசி ஆண்கள்.

பேசியதோ முந்தின நாள் ஆடிச் செவ்வாய் நோன்பைப் பற்றி. வீட்டு ஆண்களை வெளியே துரத்திவிட்டுப் பெண்கள் மட்டும் கும்பிடுவது. உப்பில்லாமல் அவிக்கிற கொழுக்கட்டை ஆண் கண்ணில் படக்கூடாது. நோன்புக் கதை ஆண் காதில் விழக்கூடாது. விழுந்தால் நோன்பு முறிந்தது. வாக்கப்பட்டு வந்து மூன்றாவது ஆடியில்தான் செந்தாமரைக்கு அழைப்பே கிடைத்திருந்தது. கதை சொல்லி நடத்துகிற அக்கம்மாள் சின்னத்தை கூப்பிட்டால்தான் உண்டு. இந்த விஷயம் அவர் காதுக்குப் போனால் இனி ஆயுசுக்கும் அழைப்பு கிடையாது.

அழிப்பதற்கு முன் யார் கேட்டார்கள் என்று பார்த்தாள். ஒரே ஒரு பெயர்.

சேதுபதி மாமா.

அக்கம்மாள் சின்னத்தையின் புருஷன்!

மெசேஜை அழித்தாள். கை சும்மா இருந்ததா? 'மன்னிக்கவும். தவறுதலாக வந்துவிட்டது. கேட்டிருந்தால் மறந்துவிடவும்' என்று தட்டிவிட்டாள். அதுவரை தூங்கிக் கிடந்த குரூப் எழுந்து உட்கார்ந்தது.

"மொதல்ல அனுப்புங்க மதினி, கேட்டுட்டு மறக்குறோம்" என்று கொழுந்தன் சோமு குரலிலேயே பதில் போட்டான். "உப்பில்லாத மேட்டரா?" என்றார் இன்னொருவர்.

செந்தாமரை ஸ்கூட்டியை எடுத்தாள்.

சேதுபதி வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா... காலையில ஏதாச்சும் கேட்டீகளா?"

"எதைத்தா?"

"போன்ல."

"போனு எங்க எங்கிட்ட இருக்கு? விடிஞ்சதுலேர்ந்து ஒங்க சின்னத்தை கையிலதான். என்னமோ பொத்திப் பொத்தி வச்சுக் கேட்டா. என்னன்னு கேட்டதுக்கு அங்குட்டுப் போங்கன்னுட்டா. என்னத்தா அது?"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆண் யாரும் கேட்கவில்லை! அடுத்த அடி வைப்பதற்குள் அது மறுபடியும் கிளம்பிப் போனது. அந்த மெசேஜில் அவள் பேசியது யாரைப் பற்றி?

உள்ளே அக்கம்மாள் முந்தானையில் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தா. ரெண்டாந்தடவை கேக்குறதுக்குள்ள அழிச்சுப்பிட்டியே."

"சின்னத்தை, மன்னிச்சுக்கங்க. அக்காகிட்டச் சும்மா விளையாட்டுக்கு..."

"கதை சொல்லிக்கிட்டே தூங்கிட்டேன்னு சொன்னியே. நெசமா?"

செந்தாமரை தரையைப் பார்த்தாள். "ஆமா."

"கொறட்டை?"

"...லேசா."

"லேசாவா? டிராக்டரு மாதிரின்னுல்ல சொன்ன." அக்கம்மாள் முகத்தில் சிரிப்பா கோபமா என்று பிடிபடவில்லை. "எந்திரிச்சப்ப எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு இருந்தாளுக. சொல்லி முடிச்சிட்டம்போலன்னு நெனச்சேன். ஒருத்தியும் வாயத் தொறக்கல. மிச்சத்தை நீயா முடிச்ச? உனக்குத்தான் கதையே தெரியாதே!"

"ராசா மக காட்டுக்குள்ள போனதோட நின்னுபோச்சு. எழுப்புனாக் கோவிப்பீக, மிச்சம் வேற யாருக்கும் சரியா வரல... நானா இட்டுக்கட்டிட்டேன்."

"என்னன்னு கட்டுன? அதைத்தான் மெசேஜுல சொல்லாம விட்டுட்ட. காலையிலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளல. சொல்லு."

வாசலில் தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. அக்கம்மாள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

செந்தாமரை குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அக்கம்மாளின் கண்கள் விரிந்தன. ஓரிடத்தில் "அடியாத்தி!" என்று மோவாயில் கை வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு. ராசா மக காட்டுலேர்ந்து அப்படித் திரும்பி வரல." அக்கம்மாள் கொண்டையை முடிந்துகொண்டார். "சரியான முடிவைக் கேக்காம நோன்பு முடியாது. நேத்து வந்தவளுக எல்லாரையும் கூட்டியா. போன்ல சொல்லாத, வீடு வீடாப் போயி வாயால சொல்லு."

"எதுக்குன்னு கேட்டா?"

"நான் தூங்கிட்டேன்னு சொல்லு. மறைக்காத. நீ அந்த மெசேஜைப் போடாம இருந்திருந்தா எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்."

வெயில் ஏறுவதற்குள் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நோன்பு முடிந்த மறுநாள், பட்டப்பகலில், இத்தனை பெண்கள் ஒரே வீட்டுக்குள் போவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. சோமு பைக்கை நிறுத்திவிட்டு சேதுபதியிடம் ஓடி வந்தான். "சித்தப்பா, உள்ள என்னதான் நடக்குது?"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? என் வீட்டை விட்டு என்னையே வெரட்டிப்பிட்டாளுக!"

உள்ளே எல்லோருடைய போனும் அணைக்கப்பட்டு அரிசி டப்பாவுக்குள் போனது. ஓரமாக உட்காரப் போன செந்தாமரையை அக்கம்மாள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

"இங்குட்டு இரு. கண்ணு சொருகுனாக் கிள்ளி விடு."

பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு, ராசா மகள் காட்டுக்குள் போன இடத்திலிருந்து ஆரம்பித்தார்.